தலை, துணை, கீழ்ப்படிதல்: ஆண்–பெண் பற்றி பைபிள் சொல்வதைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

என் கல்யாணத்தின்போது மாமியார் வீட்டில் கொடுத்த பைபிள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கறுப்பு உறை, தாள் ஓரமெல்லாம் சிவப்புப் பூச்சு. எபேசியர் 5ஆம் அதிகாரத்தைத் திறந்தால் 22ஆம் வசனத்துக்குக் கீழே சிவப்புப் பென்சிலில் அழுத்தமாக ஒரு கோடு. மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற வசனம். மூன்று வசனம் தள்ளி 25இல், புருஷர்கள் மனைவிகளில் அன்புகூர வேண்டும் என்று இருக்கிறது. அங்கே கோடு இல்லை. யார் போட்டது என்று நான் கேட்கவும் இல்லை.

இப்போது எங்கள் சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். புதிதாகச் சபைக்கு வந்தவர்கள், கிறிஸ்தவக் குடும்பத்தில் சம்பந்தம் வைத்தவர்கள், கல்யாணத்துக்கு முந்தைய ஆலோசனைக்குப் போய்விட்டுக் குழம்பி வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “ஆம்பளைக்கு என்ன, பொம்பளைக்கு என்னன்னு பைபிள் என்னதான் சொல்லுது?” ஒரு வரியில் பதில் சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். நான் வகுப்பில் கொடுக்கிற வரிசையை இங்கே எழுதுகிறேன். ஒரு மாதம் ஒதுக்கினால் போதும்.

முதலில் கையில் என்ன வேண்டும்

இரண்டு மொழிபெயர்ப்புகள். பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகளில் இருப்பது 1871இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு. ‘ஸ்திரீ’, ‘புருஷன்’, ‘இருக்கக்கடவர்கள்’ என்று போகும். அதோடு 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்க நண்பர் யாரிடமாவது இருக்கும். இரண்டும் ஒரே சொல்லை வேறு வேறாகச் சொல்லும் இடத்தில்தான் மூலமொழியில் ஏதோ இருக்கிறது என்று புரியும். இரண்டு கலர் பென்சில், ஒரு நோட்டு. அவ்வளவுதான்.

இன்னொன்று: எபேசியர் முதலான கடிதங்களை எழுதிய பவுலிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், அங்கேயே சண்டையும் ஆரம்பித்துவிடுகிறது.

முதல் வாரம்: ஆதியாகமம் 1 முதல் 3 வரை, ஒரே மூச்சில்

மூன்று அதிகாரத்தையும் ஒரே உட்காரலில் படியுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. முதல் அதிகாரம் 27ஆம் வசனத்தில் ஆணும் பெண்ணுமாக மனிதர் தேவசாயலில் படைக்கப்படுகிறார்கள். அடுத்த வசனத்தில் பூமியை ஆண்டுகொள்ளச் சொல்வதும் இருவருக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாம் அதிகாரத்தில் ‘ஏற்ற துணை’ என்று வரும். தமிழில் ‘துணை’ என்றதும் துணை ஆசிரியர், துணை நடிகர் ஞாபகம்தான் வருகிறது. ஒரு படி கீழே. எபிரெயத்தில் அங்கே இருக்கும் சொல் ‘ஏசெர்’. அதே சொல்லை 121ஆம் சங்கீதத்தில் நமக்கு நன்றாகத் தெரியும்: பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுத்து, ‘கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்’ என்று பாடுகிறோமே, அந்த ‘ஒத்தாசை’தான். கர்த்தர் நமக்கு அசிஸ்டெண்டா என்று வகுப்பில் கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தபிறகு திரும்பவும் ஆதியாகமம் 2:18ஐப் படிக்கச் சொல்வேன்.

மூன்றாம் அதிகாரம் 16ஆம் வசனத்தில் ‘அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்’ என்று வருகிறது. அது எந்த இடத்தில் வருகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பாவம் நுழைந்த பிறகு, முள்ளும் குருக்கும் முளைக்கும் என்று நிலத்துக்குச் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால். முள்ளை யாரும் தேவசித்தம் என்று வளர்ப்பதில்லை, பிடுங்கித்தான் எறிகிறோம். ஆனால் ஆதாம் முதலில் படைக்கப்பட்டான் என்பது பாவத்துக்கு முந்தியது, அதிலேயே ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு; பவுலே அதைப் பிறகு எடுத்துச் சொல்லுகிறார். இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

இரண்டாம் வாரம்: குணசாலியும் பராக்கிரமசாலியும்

எனக்கு ரொம்பப் பிடித்த வாரம் இது. நீதிமொழிகள் 31ஐ எடுங்கள். அன்னையர் தினத்துக்கு வாசிப்பார்கள், அடக்க ஆராதனையில் வாசிப்பார்கள். ‘குணசாலியான ஸ்திரீ’ என்றதும் குனிந்த தலை நிமிராத ஒரு அம்மா கண்முன் வந்துவிடுவார். அதிகாரத்தை உண்மையில் படித்துப் பார்த்தால் அந்த அம்மா வேறு ஆள். வயலை விசாரித்து வாங்குகிறாள். சொந்தச் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் போடுகிறாள். துணி நெய்து வியாபாரிகளிடம் விற்கிறாள். வேலைக்காரிகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறாள். புருஷன் ஊர்வாசலில் மூப்பர்களோடு உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பற்றி அதிகாரத்தில் இருப்பது ஏறக்குறைய அவ்வளவுதான், அப்புறம் அவளைப் புகழுகிறான்.

‘குணசாலி’ என்று மொழிபெயர்க்கப்பட்ட எபிரெயச் சொல் ‘ஹயில்’. பலம், வீரம், படை என்று பொருள்படும் சொல். இதே சொல்தான் நியாயாதிபதிகள் 6:12இல் கிதியோனைத் தூதன் கூப்பிடும்போதும் வருகிறது. அங்கே நம் பைபிள் ‘பராக்கிரமசாலியே’ என்கிறது. ஆணுக்கு வந்தால் பராக்கிரமம், பெண்ணுக்கு வந்தால் குணம்! மொழிபெயர்த்தவர்களைக் குற்றம் சொல்லவில்லை, அவர்கள் காலத்துக் காது அப்படி. போன வருஷம் ஓர் இளம்பெண் வகுப்பில் இதைக் கேட்டுவிட்டு, பைபிளில் ‘குணசாலி’க்கு மேலே பென்சிலால் ‘பராக்கிரமசாலி’ என்று எழுதி, பக்கத்தில் இருந்த தன் அம்மாவிடம் காட்டினாள். அம்மா தெருவில் இட்லிக் கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம்: சுவிசேஷங்கள்

இங்கே நான் வேகமாகப் போவேன், ஏனென்றால் கதைகள் உங்களுக்குத் தெரிந்தவை. லூக்கா 8:1–3ஐ மட்டும் தவறவிடாதீர்கள். யோவன்னாள், சூசன்னாள் முதலான பெண்கள் இயேசுவோடு ஊர் ஊராகப் போய், தங்கள் ஆஸ்தியால் ஊழியத்தைத் தாங்கியிருக்கிறார்கள். லூக்கா 10இல் மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்காருவது சீஷர்கள் உட்காரும் இடம். யோவான் 20இல் உயிர்த்தெழுந்தவரை முதலில் பார்த்து, போய்ச் சொல் என்று அனுப்பப்படுகிறவள் மகதலேனா மரியாள். அவளை ‘அப்போஸ்தலருக்கு அப்போஸ்தலி’ என்று அழைக்கும் வழக்கம் பழையது. 2016இல் போப் பிரான்சிஸ் அவளுடைய ஜூலை 22 நினைவுநாளைத் திருவிழாவாக உயர்த்தினார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பன்னிரண்டு அப்போஸ்தலரில் பெண் இல்லை. குருத்துவம் ஆண்களுக்கு மட்டுமே என்று கத்தோலிக்க சபை சொல்வதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் வாரம்: எபேசியர் 5, கலர் பென்சிலோடு

இப்போதுதான் பவுல். 18இலிருந்து 33 வரை படியுங்கள். மனைவிக்குச் சொல்லப்பட்டதை ஒரு கலரிலும், கணவனுக்குச் சொல்லப்பட்டதை இன்னொரு கலரிலும் கோடு போடுங்கள். முடித்ததும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். கணவனுடைய கலர்தான் பக்கத்தில் அதிகம் இருக்கும். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல என்கிறார் பவுல். அந்த ஒப்புக்கொடுத்தல் சிலுவையில் போய் முடிந்தது.

அடுத்து 21ஆம் வசனம். பல பைபிள்களில் 22க்கு மேலே ஒரு தலைப்பு போட்டு 21ஐப் பிரித்துவிடுவார்கள். ஆனால் 21இல் இருப்பது ‘ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்’. பழமையான சில கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் 22ஆம் வசனத்துக்குத் தனி வினைச்சொல்லே கிடையாது. 21இன் வினையைத்தான் கடன் வாங்குகிறது. ஆக, ஒன்றை விட்டு மற்றதை மட்டும் சொல்ல இலக்கணமே விடாது. இன்னொரு விஷயம், பழைய மொழிபெயர்ப்பில் மனைவிக்கும் 6:1இல் பிள்ளைகளுக்கும் ஒரே ‘கீழ்ப்படியுங்கள்’தான். கிரேக்கத்தில் இரண்டும் வேறு சொற்கள். திருவிவிலியம் மனைவிக்குப் ‘பணிந்திருங்கள்’ என்று போட்டு வித்தியாசம் காட்டுகிறது. அதற்காக ரொம்பத் துள்ளவும் வேண்டாம். 1 பேதுரு 3:6இல் சாராள் ஆபிரகாமுக்குக் கீழ்ப்படிந்தாள் என்கிற இடத்தில் பிள்ளைகளுக்குச் சொன்ன சொல்லே வருகிறது. ஆனால் ஆதியாகமம் 21:12இல் சாராள் சொல்வதையெல்லாம் கேள் என்று தேவன் ஆபிரகாமிடம் சொல்வதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

23ஆம் வசனம் புருஷனை மனைவிக்குத் ‘தலை’ என்கிறது. இந்தச் சொல்லில் அறிஞர்கள் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக மல்லுக்கட்டுகிறார்கள். கிரேக்க ‘கெஃபாலே’ அதிகாரத்தைக் குறிக்கிறதா, ஆறு பிறக்கும் இடம்போல ஊற்றைக் குறிக்கிறதா என்று. நமக்கோ ‘தலை’ என்றதும் ரேஷன் கார்டின் குடும்பத் தலைவர் ஞாபகம். (2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த இடம் வீட்டில் மூத்த பெண்ணுக்குப் போய்விட்டது, அது வேறு கதை.) சொல் எப்படி இருந்தாலும், தலை என்ன செய்கிறது என்று பவுலே இந்தப் பத்தியில் சொல்கிறார்: போஷிக்கிறது, காப்பாற்றுகிறது.

இந்த வாரத்தில் நான் கட்டாயம் செய்யச் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டளையும் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று ஓரத்தில் எழுதுங்கள். ‘மனைவிகளே’ என்று கூப்பிட்டது மனைவியை. ‘புருஷர்களே’ என்று கூப்பிட்டது புருஷனை. புருஷனிடம் ‘உன் மனைவியைக் கீழ்ப்படிய வை’ என்று புதிய ஏற்பாட்டில் எங்கேயாவது இருக்கிறதா, தேடுங்கள். இல்லை. ‘கீழ்ப்படியப்பண்ணுகிறவன்’ என்ற சொல் 1 தீமோத்தேயு 3:4இல் வருகிறது, அது பிள்ளைகளைப் பற்றி. அதாவது, பவுல் இரண்டு பேருக்குத் தனித்தனியே கடிதம் கொடுத்திருக்கிறார். நாம் என்னடாவென்றால் அடுத்தவர் கவரைப் பிரித்து அவருக்கே சத்தமாக வாசித்துக் காட்டுகிறோம். என் பைபிளில் சிவப்புக் கோடு போட்டவர் செய்தது அதுதான்.

இதோடு 1 கொரிந்தியர் 7:3–5ஐயும் சேருங்கள். புருஷன்–மனைவி உறவில் ‘அதிகாரம்’ பற்றிப் பவுல் நேரடியாகப் பேசும் இடம் அது. மனைவியின் சரீரத்துக்குப் புருஷன் அதிகாரி என்கிறார், அதே மூச்சில் புருஷனுடைய சரீரத்துக்கு மனைவி அதிகாரி என்கிறார். விலகியிருப்பதானால் இருவர் சம்மதமும் வேண்டும். ஆலோசனை வகுப்புகளில் இந்தப் பகுதியை ஏனோ தாவிவிடுகிறார்கள். வெட்கமாக இருக்கலாம்.

அப்புறம், கடினமான மூன்று இடங்கள்

இவற்றைத் தனியாகப் படிக்க வேண்டாம், இரண்டு மூன்று பேராகப் படியுங்கள்.

1 கொரிந்தியர் 11இல் முக்காடு வருகிறது. முக்காட்டைப் பற்றிச் சண்டை போடும் அவசரத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விடுவோம்: அங்கே பெண் ஜெபம்பண்ணுகிறாள், தீர்க்கதரிசனம் சொல்லுகிறாள். எப்படிச் செய்வது என்பதுதான் பேச்சு. மூன்றே அதிகாரம் தள்ளி 14:34இல் ஸ்திரீகள் பேசாமலிருக்க வேண்டும் என்று வருகிறது. இரண்டையும் எழுதியவர் ஒருவர்தான் என்றால், எந்தப் பேச்சை நிறுத்தச் சொன்னார் என்று கேட்டாக வேண்டும். அதே 14ஆம் அதிகாரத்தில் 28இல் அர்த்தம் சொல்ல ஆள் இல்லாமல் அந்நியபாஷை பேசுகிறவனும், 30இல் முந்திப் பேசினவனும்கூடப் பேசாமலிருக்கச் சொல்லப்படுகிறார்கள். ஆக மூன்று பேர் வாயை அந்த அதிகாரம் மூடுகிறது; ஊரில் ஒருவரைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். சில பழைய பிரதிகளில் 34, 35 வசனங்கள் அதிகாரத்தின் கடைசியில் இருக்கின்றன என்பதால் அவை பின்னால் சேர்ந்தவையா என்கிற விவாதமும் உண்டு.

1 தீமோத்தேயு 2:11–15தான் எல்லாவற்றிலும் கடினம். உபதேசம்பண்ணவும் புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும் பெண்ணுக்கு உத்தரவில்லை என்கிறது. நேராக எடுத்துக்கொள்கிறவர்கள் காட்டும் பலமான ஆதாரம் அடுத்த வசனம்: பவுல் ஆதாமின் படைப்பைக் காரணம் காட்டுகிறார், ஆகவே இது ஓர் ஊருக்கு மட்டுமானது அல்ல. மறுபக்கத்தார் சொல்வது: ‘அதிகாரஞ்செலுத்த’ என்பதற்கு வரும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த ஓரிடத்தில் மட்டுமே இருக்கிறது, சாதாரண அதிகாரத்துக்கான சொல் அல்ல, கடிதம் போன ஊரோ அர்த்தமிஸ் தேவியின் கோயிலும் கள்ளப்போதகர்களும் இருந்த எபேசு. என் சாய்வு இரண்டாவது பக்கம். ஆனால் முதல் பக்கத்தில் நிற்கிற, பெண்களை மதிக்கிற நல்ல ஆட்களை எனக்குத் தெரியும், அவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். 11ஆம் வசனத்தின் ஏவல் ‘கற்றுக்கொள்ளக்கடவள்’ என்பதிலாவது இருவரும் ஒத்துப்போகலாம். பெண் கற்க வேண்டும் என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை.

இந்த மூன்றையும் படித்துத் தலை கனத்தால், ரோமர் 16ஐத் திறந்து பெயர்களை மட்டும் வாசியுங்கள். கடிதத்தோடு பவுல் சிபாரிசு செய்யும் பெபேயாளை நம் பைபிள் சபைக்கு ‘ஊழியக்காரி’ என்கிறது. பிலிப்பியர் 1:1இல் அதே கிரேக்கச் சொல்லுக்கு ‘உதவிக்காரர்’ என்ற பதவிப் பெயர் போட்டிருக்கிறது. பிரிஸ்கில்லாளுடைய பெயர் புருஷன் பெயருக்கு முன்னால் வருகிறது. அவர்கள் இருவரும்தான் அப்பொல்லோ என்ற பிரசங்கிக்கு உபதேசத்தைத் திருத்திக் கற்றுக்கொடுத்தவர்கள். 7ஆம் வசனத்தில் யூனியா, அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவள். அவளைப் பெண் என்றே எடுத்துக்கொண்டு நான்காம் நூற்றாண்டுப் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் வியந்து பேசியிருக்கிறார். பிற்கால மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் அவள் ‘யூனியாஸ்’ என்று ஆணாகிவிட்டாள்.

உங்கள் சபை எங்கே நிற்கிறது

இன்றைக்கு இரண்டு பெயர்கள் காதில் விழும். ‘காம்ப்ளிமென்டேரியன்’ என்பவர்கள் இருவரும் மதிப்பில் சமம், பொறுப்பில் வேறு, வீட்டிலும் சபையிலும் தலைமை ஆணுக்கு என்பார்கள். 1987இல் அமெரிக்காவில் எழுதப்பட்ட டேன்வர்ஸ் அறிக்கை இதன் அடிப்படை ஆவணம். ‘எகாலிட்டேரியன்’ என்பவர்கள் வரத்தைப் பார்த்துப் பொறுப்பு கொடுக்க வேண்டும், ஆணா பெண்ணா என்று பார்த்து அல்ல என்பார்கள். கிறிஸ்துவுக்குள் ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்கிற கலாத்தியர் 3:28 அவர்கள் கைவசம் எப்போதும் இருக்கும்.

சபைகளை எடுத்துக்கொண்டால், கத்தோலிக்க சபையும் ஆர்த்தடாக்ஸ் சபைகளும் பெண்களைக் குருவாக்குவதில்லை. கத்தோலிக்க நிலையை 1994இல் இரண்டாம் ஜான் பால் திட்டவட்டமாக எழுதிவிட்டார். 2021இலிருந்து வாசகர் (ஆராதனையில் வேதம் வாசிப்பவர்), பீடத்துணைவர் (பீடத்தில் குருவுக்கு உதவுகிறவர்) பணிகள் பெண்களுக்கும் முறைப்படி திறந்திருக்கின்றன. தென்னிந்திய திருச்சபையில் பெண் போதகர்கள் இருக்கிறார்கள். 2013இல் புஷ்பலலிதா நந்தியால் திருமண்டலத்தின் பேராயர் ஆனார், அந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர். இரட்சணிய சேனை ஆரம்பத்திலிருந்தே பெண்களைப் பிரசங்க மேடையில் ஏற்றியது, 1934இல் ஈவாஞ்சலின் பூத் அதன் தலைவரான ஜெனரலாகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரதரன் என்ற சபைப் பிரிவின் கூடுகைகளில் பெண்கள் முக்காடிட்டு அமைதியாக இருப்பது வழக்கம். பெந்தெகொஸ்தே சபைகளைப் பொதுவாகச் சொல்ல முடியாது, ஒரே தெருவில் இரண்டு இருந்தால் இரண்டு மாதிரி இருக்கும்.

ஓர் ஊர்க்கதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாளையங்கோட்டையில் 1785இல் கட்டிய சின்ன ஆலயம் இன்றும் நிற்கிறது. கட்டியவர் குளோரிந்தா, தஞ்சாவூரிலிருந்து வந்த விதவை. 1778இல் ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் (போதகரை நாங்கள் ‘ஐயர்’ என்போம்) ஞானஸ்நானம் பெற்றவர். 1780இல் எழுதிய நாற்பது பேர் சபைப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. திருநெல்வேலித் திருச்சபை தன் கணக்கை ஒரு பெண்ணிடமிருந்துதான் தொடங்குகிறது. அதே ஊரில் இன்றைக்கும் கமிட்டித் தேர்தலில் பெண் நின்றால் ‘எதுக்கும்மா உனக்கு’ என்கிறார்கள்.

வீட்டில் அடி விழுகிறது என்றால்

இந்த வழிகாட்டியை அந்த நிலையில் படிக்கிறவர் யாராவது இருந்தால், மேலே சொன்ன வாரக்கணக்கெல்லாம் உங்களுக்கு இல்லை. முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 181 என்ற எண் பெண்களுக்காக இருக்கிறது. 2005இன் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் வசிக்கும் உரிமை இரண்டும் கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணை, முகத்தில் வீக்கத்தோடு வந்தவளை, ‘கீழ்ப்படிந்து ஜெபி, கர்த்தர் அவனை மாற்றுவார்’ என்று திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியவர் பைபிளை நன்றாகத் தெரிந்தவர். மனைவிக்குக் கனம் செய்யாவிட்டால் புருஷனுடைய ஜெபத்துக்கே தடை வரும் என்று 1 பேதுரு 3:7 சொல்வதை அவர் அந்தப் புருஷனைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டவில்லை.

போதகரிடம் கேட்கும் முறை

ஆராதனை முடிந்ததும் வாசலில் கை குலுக்கும்போது கேட்காதீர்கள். பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள், ‘ஜெபிப்போம்’ என்றுதான் பதில் வரும். செவ்வாய், புதன்போல ஒரு வாரநாளில் போன் பண்ணி நேரம் கேட்டுப் போங்கள். முடிந்தால் இருவருமாகப் போங்கள். ‘நம்ம சபை பெண்களை எந்தெந்தப் பொறுப்பில் வைக்கிறது, எந்த வசனத்தின்படி?’ என்று கேளுங்கள். கல்யாண ஆலோசனை என்றால், ‘வீட்டில் இரண்டு பேருக்கும் ஒத்துவராத முடிவு ஒன்று வந்தால் ஐயர் வீட்டில் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். போதகர் பதில் சொல்லும்போது ஐயரம்மாவும் அங்கே இருந்தால் ரொம்ப நல்லது.